அரிசோனா மான்சூன் இடிமழையை எப்படி கணிக்கிறாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல இருக்கிற ஃபீனிக்ஸ்ல ஜூலை வந்தாலே தெரிஞ்சவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான், "இன்னிக்கு மழை வருமா?" பல வருஷமா தினமும் வானத்தையும் ரேடாரையும் பாத்துட்டு வர்றதால எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இந்த பாலைவனத்துல இன்னிக்கு சாயங்காலம் மழை வருமாங்கிறதுல பாதி நேத்து ராத்திரியே முடிவாயிடுது. ஏன்னு போகப்போக புரியும்.

பாலைவனத்துல மான்சூனா? சும்மா பேருக்கு சொல்றாங்களா?

இல்லங்க, நிஜமாவே மான்சூன்தான். மான்சூன்ங்கிற வார்த்தையே பருவம்னு அர்த்தம் வர்ற மவ்சிம்ங்கிற அரபு சொல்லுல இருந்து வந்தது, அதாவது பருவத்துக்கு பருவம் காத்து திசை மாறுறது. அரிசோனால வருஷத்துல பாதிக்கு மேல மேற்குல இருந்து வறண்ட காத்துதான் அடிக்கும். ஜூன்ல தரை கொதிக்க ஆரம்பிச்சதும் கொலராடோ நதி கீழ்ப்பகுதி, சொனோரா பாலைவனம் பக்கமா ஒரு வெப்பத் தாழ்வுநிலை உக்காந்துக்கும், மேல வானத்துல மெக்சிகோ மேல இருந்த உயர் அழுத்தம் மெதுவா வடக்க நகர்ந்து வரும், அப்ப காத்து தெற்கு, தென்கிழக்குன்னு திரும்பி ஈரத்தை இழுத்துட்டு வரும். மெக்சிகோவோட சியெரா மாத்ரே மலைத்தொடர் பக்கம்தான் இதோட நடு மையம், அங்க கொட்டித் தீக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லாம் அதோட வடக்கு ஓரம். ஓரத்துல இருக்கிறதாலதான் நமக்கு இவ்வளவு தகராறு, ஒரு வாரம் வரும், ஒரு வாரம் காணாம போயிடும்.

எப்ப ஆரம்பிக்குதுன்னு எப்படி சொல்றது?

காலண்டர்படி ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 30 வரை. 2008ல தேசிய வானிலை சேவை இப்படி நிலையா தேதி வச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி ட்யூ பாயிண்ட் கணக்கு. ட்யூ பாயிண்ட்ங்கிறது காத்துல இருக்கிற ஈரம் பனித்துளியா மாற ஆரம்பிக்கிற வெப்பநிலை, ஈரம் கூடக் கூட இதுவும் ஏறும். ஃபீனிக்ஸ்ல ஒரு நாளோட சராசரி ட்யூ பாயிண்ட் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ தொடர்ந்து 3 நாள் இருந்தா மான்சூன் ஆரம்பிச்சாச்சுன்னு அறிவிப்பாங்க, தெற்கு அரிசோனால இருக்கிற டூசான்ல அது 54. தேதியை மாத்தினது சரின்னுதான் நான் நினைக்கிறேன், ஏன்னா ட்யூ பாயிண்ட் 53ல நிக்கிற நாள்லயும் மின்னல் ஆளைக் கொல்லும், "இன்னும் ஆரம்பிக்கலையே"ன்னு ஜனங்க அசட்டையா இருந்துடக் கூடாது.

பழைய கணக்கை நான் விட்டுடல. இப்பவும் ஜூன் கடைசில தினமும் காலைல ட்யூ பாயிண்ட்தான் பாக்குறேன். 20, 30ன்னு கிடந்தது திடீர்னு 50ஐ தாண்டுறப்ப உடம்புக்கே தெரியும், ராத்திரி வெளிய வந்தா காத்து ஒட்டும். டூசான்ல ஜூன் 24, சான் யுவான் திருநாள்லதான் மழைக்காலம் தொடங்கும்னு பழைய நம்பிக்கை. தொஹோனோ ஓதம் மக்களுக்கு சகுவாரோ கள்ளிப்பழம் பறிக்கிற அந்த நேரத்துலதான் வருஷமே பிறக்குது, மழையை அழைக்கிற சடங்கும் அப்பதான். இந்த மண்ணுல எத்தனையோ தலைமுறையா வாழ்ந்தவங்க வருஷத்தை எங்க தொடங்குறாங்கன்னு பாத்தாலே மழை இங்க எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும்.

ஈரம் எங்க இருந்து வருது?

ரெண்டு பக்கம் இருந்து. தரைக்கு பக்கத்துல வர்ற ஈரம் பெரும்பாலும் கலிஃபோர்னியா வளைகுடா, அதுக்கு தெற்க இருக்கிற பசிபிக் இதுல இருந்து. உயரத்துல வர்ற ஈரம் மெக்சிகோ வளைகுடா பக்கம் இருந்து மலைகளைத் தாண்டி வரும்.

இதுல கணிக்கிறவங்களுக்கு ரொம்ப முக்கியமானது வளைகுடா வழியா மேல ஏறி வர்ற ஈர அலை, கல்ஃப் சர்ஜ்னு சொல்வாங்க. மெக்சிகோவோட பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்து முனைக்கு பக்கத்துல ஒரு புயல் போனாலோ, வளைகுடாவோட தெற்கு வாய்க்கு பக்கம் ராத்திரி பெரிய இடிமழை கூட்டம் கிளம்பினாலோ, குளிர்ந்த ஈரக் காத்து அந்த நீளமான கடல் வழியா குழாய்ல தண்ணி போற மாதிரி வடக்க ஓடி வரும். இது வருதான்னு தெரிய அரிசோனாவோட தென்மேற்கு மூலைல இருக்கிற யூமா ஊரைப் பாக்கணும். யூமால ராத்திரில காத்து தெற்கு தென்கிழக்குன்னு திரும்பி, ட்யூ பாயிண்ட் குதிச்சு, அழுத்தம் ஏறி, சூடு கொஞ்சம் குறைஞ்சா வந்துட்டதுன்னு அர்த்தம், கொஞ்ச நேரத்துல ஃபீனிக்ஸுக்கும் வந்துடும். நேத்து ராத்திரி தீர்மானிக்குதுன்னு சொன்னேன்ல, அதுல முதல் காரணம் இதுதான். நாம தூங்குறப்ப எங்கயோ மெக்சிகோ கரைல அடிச்ச இடி நம்ம நாளைய வானத்துக்கு தண்ணி அனுப்பி வைக்குது.

ஒரு எச்சரிக்கை. காலைல ட்யூ பாயிண்ட் 62ன்னு பாத்து சந்தோஷப்பட்டுடாதீங்க. அந்த ஈரம் தரையை ஒட்டி மெல்லிசா மட்டும் இருந்தா வெயில் ஏற ஏற மேல இருக்கிற வறண்ட காத்தோட கலந்து மதியத்துக்குள்ள 48க்கு இறங்கிடும். அதனால காத்துல தரைல இருந்து உச்சி வரைக்கும் மொத்தம் எவ்வளவு தண்ணி இருக்குன்னு அங்குலக் கணக்கு ஒண்ணு இருக்கு, அதையும் பாக்கணும். 1 அங்குலத்தைத் தாண்டினா இடிக்கு வாய்ப்பு, 1.5ஐ தாண்டினா வெள்ளத்தைப் பத்தி யோசிக்கணும். இது என் கைக்கணக்கு, ஆனா நிறைய நாள் சரியா வந்திருக்கு.

ஈரம் இருக்கு, வெயில் இருக்கு, அப்புறமும் மழை வரலையே, ஏன்?

இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி, இதுக்குத்தான் நீளமா சொல்லணும்.

முதல்ல அந்த உயர் அழுத்தம் எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க. யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ நாலும் சந்திக்கிற முனைக்கு பக்கமா இருந்தா நமக்கு நல்லது, அதோட தெற்கு ஓரத்துல காத்து கிழக்குல இருந்து வீசும், மலைல உருவான இடிமழையை பாலைவனத்துக்குள்ள தள்ளிவிடும். அதே உயர் அழுத்தம் நேரா நம்ம தலைக்கு மேல வந்து நின்னா காத்து மேல இருந்து கீழ அமுங்கும், வெயில் மட்டும்தான் மிச்சம். 2023 ஜூலைல அதான் நடந்தது, ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரிக்கு குறையவே இல்ல. தெற்க இறங்கிப் போயிட்டாலோ மேற்குக் காத்து உள்ள புகுந்து ஈரத்தையே துடைச்சுட்டு போயிடும். ஆக ஒரு முந்நூறு மைல் இப்படி அப்படி நகர்ந்தா கதையே மாறிடுது.

ரெண்டாவது மூடி. தரைல காத்து சூடாகி மேல ஏறணும், ஆனா நடுவுல ஒரு வெதுவெதுப்பான வறண்ட அடுக்கு கொதிக்கிற பானை மேல மூடி போட்ட மாதிரி அமுக்கி வச்சிருக்கும். மலை உச்சில இந்த மூடி பெரிய தடை இல்ல, ஏன்னா 7,000 அடியில இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப்ல சூடாகிற தரையே மூடிக்கு பக்கத்துல இருக்கு. ஃபீனிக்ஸ் 1,100 அடியில கிடக்கு, இங்க வெறும் வெயிலால மட்டும் மூடியைத் திறக்க முடியாது, யாராவது கீழ இருந்து நெம்பணும். அந்த நெம்புகோல்தான் அவுட்ஃப்ளோ, அதாவது எங்கயோ பெய்ஞ்ச மழைல இருந்து வெளிய பாய்ஞ்சு ஓடி வர்ற குளிர்காத்து. அது முன்னாடி இருக்கிற சூடான ஈரக்காத்தை மேல தூக்கி எறியும். ரெண்டு பக்கத்துல இருந்து ரெண்டு அவுட்ஃப்ளோ வந்து மோதிச்சுன்னா கேக்கவே வேணாம், வெறும் வானமா இருந்த இடத்துல அரைமணி நேரத்துல கோபுரம் மாதிரி மேகம் நிக்கும்.

மூணாவது, நிறைய பேர் கவனிக்காதது, நேத்து மழையோட மிச்சம். நேத்து ராத்திரி சொனோராலயோ தெற்கு அரிசோனாலயோ பெரிய கூட்டமா மழை பெய்ஞ்சிருந்தா அதோட மேகக் கூளம் காலைல நம்ம மேல பரவி நிக்கும், வெயிலே விழாது, தரை சூடாகாது, ஈரம் எக்கச்சக்கமா இருந்தும் சாயங்காலம் ஒரு பொட்டு விழாம போயிடும். இதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், எல்லா எண்ணும் பிரமாதமா இருக்கும், வானம் மட்டும் சாம்பல் பூசின மாதிரி அசையாம கிடக்கும். பொதுவா ஒரு பெரிய நாளுக்கு அடுத்த நாள் சப்புன்னு போறதுக்கு இதான் காரணம்.

காலைல எழுந்ததும் நீங்க எதெதை பாப்பீங்க?

முதல்ல சாட்டிலைட் படம், மேகக் கூளம் எங்க இருக்கு, எப்ப கலையும்னு பாக்க. 10 மணிக்குள்ள கலைஞ்சா நம்பிக்கை உண்டு. அப்புறம் டூசான்ல விடுற வானிலை பலூன் தகவல், தினமும் காலை 5 மணிக்கும் சாயங்காலம் 5 மணிக்கும் ஒண்ணு வரும், அதுல மூடி எவ்வளவு பலமா இருக்கு, மேல காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். ஃபீனிக்ஸ்ல வானிலை சேவையோட தினசரி பலூன் கிடையாது, சால்ட் ரிவர் ப்ராஜெக்ட்ங்கிற மின்சார, தண்ணீர் நிறுவனம் மான்சூன் காலத்துல விடுற பலூன்தான் கைகொடுக்கும். அப்புறம் யூமா, நோகாலஸ், டூசான், ஃபீனிக்ஸ்னு ட்யூ பாயிண்ட் ஒரு சுத்து.

இதெல்லாம் முடிச்சுட்டு கடைசியாத்தான் மாடல், அதாவது கம்ப்யூட்டர் போடுற வானிலைக் கணிப்பு பாப்பேன். முதல்லயே மாடலைப் பாத்துட்டா மனசு அதுலயே ஒட்டிக்கும், அப்புறம் கண்ணு முன்னாடி இருக்கிறது தெரியாது.

மதியம் 1 மணிக்கு மேல வடகிழக்க பாப்பேன். மொகயோன் ரிம்னு பெரிய மலை விளிம்பு ஒண்ணு அரிசோனாவை குறுக்க வெட்டிட்டு போகுது, அது மேல காலிஃப்ளவர் மாதிரி மேகம் கெட்டியா, ஓரம் கூர்மையா ஏறுதா, இல்ல ஏறுறப்பவே உதிர்ந்து போகுதான்னு பாக்கணும். கெட்டியா ஏறினா சாயங்காலம் வேடிக்கை இருக்கு.

மலைல இடிக்கிற சத்தம் கேக்குது, எங்க வீட்டுக்கு மட்டும் வரமாட்டேங்குதே?

வழக்கமா மதியம் மலை உச்சில ஆரம்பிக்கும், பிற்பகல்ல விளிம்பை விட்டு இறங்கும், ராத்திரி 7, 8 மணிக்கு மேலதான் ஃபீனிக்ஸ் இருக்கிற பள்ளத்தாக்குக்கு வந்து சேரும். அந்த நேரத்துக்குள்ள அதுக்கு பலம் மிச்சம் இருக்கணும், கீழ அதுக்கு சாப்பாடும், அதாவது சூடான ஈரக்காத்தும் இருக்கணும். நிறைய நாள் காத்து மட்டும் வந்து கதவை அடிச்சுட்டு போயிடும்.

30 சதவீதம் வாய்ப்புன்னு போடுறாங்க, வராதுன்னு எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. உங்க இடத்துல அளக்கிற அளவுக்கு மழை விழ பத்துல மூணு வாய்ப்புன்னுதான் அர்த்தம், ஊர்ல எங்கயுமே வராதுன்னு இல்ல. இங்க இடிமழை ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு மைல் அகலம்தான், தெருவுக்கு இந்தப் பக்கம் தூத்தல் கூட இல்லாம அந்தப் பக்கம் மரம் சாய்ஞ்சு கிடக்கும். அதே 30 சதவீதத்துக்குள்ள ஒரு தூறலும் இருக்கலாம், ஒரு மணி நேரத்துல 2 அங்குலமும் இருக்கலாம். அதனால எண்ணை மட்டும் பாக்காம வானிலை அலுவலகத்துல எழுதுற விளக்கத்தைப் படிங்க, "வந்தா எப்படி வரும்"ங்கிறது அதுலதான் இருக்கும்.

கம்ப்யூட்டர் மாடல் எல்லாம் ஏன் இவ்வளவு தப்பு பண்ணுது?

எச்ஆர்ஆர்ஆர்னு ஒரு மாடல், 3 கிலோமீட்டர் கட்டம் கட்டமா பிரிச்சு மணிக்கு ஒரு தடவை புதுசா ஓடுது. அரிசோனா பல்கலைக்கழகம் இந்த மலைகளுக்குன்னே அதைவிட சின்ன கட்டம் வச்சு டபிள்யூஆர்எஃப் மாடல் ஓட்டுறாங்க. ரெண்டுமே நல்ல மாடல்தான். ஆனா முதல் மழை எந்த மலை மேல, எத்தனை மணிக்கு கிளம்பும்ங்கிறதுல கொஞ்சம் பிசகினா அதுல இருந்து கிளம்புற அவுட்ஃப்ளோ தப்பா போகும், அது எழுப்புற ரெண்டாவது மழை இன்னும் தப்பா போகும், ராத்திரிக்குள்ள படமே வேற. தெற்க மெக்சிகோல பலூன், ரேடார் தகவல் குறைவு, ஈரம் வர்ற வாசல்லயே கண்ணு சரியா தெரியல. இந்தக் குறையை புரிஞ்சுக்கத்தான் 2004ல அமெரிக்காவும் மெக்சிகோவும் சேர்ந்து நேம்னு பெரிய கள ஆய்வு நடத்தினாங்க. ரேடாரும் இங்க மலைக்கு பின்னாடி பாக்காது.

நான் என்ன பண்றேன்னா ஒரே மாடலோட அடுத்தடுத்த ஓட்டத்தை ஒப்பிட்டு பாப்பேன். ஒவ்வொரு மணியும் வேற வேற இடத்துல மழை காட்டினா, எங்கன்னு அதுக்கே தெரியல, ஆனா எங்கயோ வரும்னு எடுத்துக்குவேன். எந்த மாடலும் காலைல இருந்து நடந்ததோட ஒத்துப் போகலைன்னா அதை அப்படியே ஒதுக்கி வச்சுடுவேன்.

ஹபூப் வரும்னு முன்னாடியே தெரியுமா?

நாள் முன்னாடி "வாய்ப்பு இருக்கு"ன்னு சொல்லலாம், மணி நேரம் முன்னாடிதான் உறுதியா சொல்ல முடியும். ஹபூப்ங்கிறது அவுட்ஃப்ளோ வெறும் மண்ணு மேல ஓடி வர்றப்ப எழுப்புற புழுதிச் சுவர். 2011 ஜூலை 5ஆம் தேதி ஃபீனிக்ஸை மூடின புழுதி குறைஞ்சது 5,000 அடி உயரம், கிட்டத்தட்ட 100 மைல் அகலம். அதைக் கிளப்பினது டூசான் பக்கம் அடிச்ச இடிமழை.

டூசானுக்கும் ஃபீனிக்ஸுக்கும் நடுவுல பினல் கவுண்டில உழுது போட்ட வயல், கிளறின தரிசு நிறைய இருக்கு, புழுதி அங்க இருந்துதான் பெரும்பாலும். சீசன் ஆரம்பத்துல மண்ணு பொடியா கிடக்கும், அப்பதான் ஹபூப் அதிகம், ரெண்டு நல்ல மழை விழுந்து மேல்மண்ணு இறுகிட்டா குறையும். இங்கயும் நேத்து மழைதான் கணக்கு. ரேடார்ல மழைக்கு முன்னாடி மெல்லிசா ஒரு கோடு நகர்ந்து வந்தா அதான் அவுட்ஃப்ளோ, அது பினலைத் தாண்டுறப்ப காத்து 50 மைல் வேகம்னா புழுதியை எதிர்பாத்துக்கலாம்.

ரோட்டுல மாட்டிக்கிட்டா: முடிஞ்சவரை ரோட்டை விட்டு தள்ளி ஓரம் கட்டுங்க, எல்லா லைட்டையும் அணைங்க, பார்க்கிங் பிரேக் போட்டுட்டு கால் பிரேக்கை விட்டு எடுத்துடுங்க. பிரேக் லைட் எரிஞ்சா பின்னாடி வர்றவன் அதைத்தான் ரோடுன்னு நினைச்சு நேரா வந்து இடிப்பான்.

மேகம் இருக்கு, மழைத்தாரை தெரியுது, தரைக்கு வரவே இல்ல. அது பாதுகாப்பானது தானே?

அதான் எனக்கு ரொம்ப பயம். அந்த மழை வறண்ட காத்துல விழுறப்பவே காய்ஞ்சு போகுது, காயுறப்ப காத்தை குளிர வைக்குது, குளிர்ந்த காத்து கனமாகி கல்லு மாதிரி கீழ விழுது, தரைல மோதி நாலா பக்கமும் சிதறுது. மைக்ரோபர்ஸ்ட்னு சொல்றது இதைத்தான். ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம், ஈரம் மேல மட்டும் இருக்கிற நாள்ல இது சகஜம். இதே நாள்லதான் மழையில்லா மின்னலும் விழும், காடு பத்திக்கும்.

2013 ஜூன் 28ல யார்னெல் மலைல தீப்பிடிச்சதும் மின்னலாலதான். ஜூன் 30 சாயங்காலம் பக்கத்துல அடிச்ச இடிமழையோட அவுட்ஃப்ளோ காத்து தீயை அப்படியே திருப்பிவிட்டு, 19 தீயணைப்பு வீரர்கள் அங்கயே இறந்துட்டாங்க. அவுட்ஃப்ளோ கோடு எப்ப எங்க போகும்னு பத்து நிமிஷம் துல்லியமா சொல்றதுக்கு இவ்வளவு பேர் ஏன் மெனக்கெடுறாங்கன்னு யாராவது கேட்டா நான் இந்த நாளைத்தான் சொல்வேன்.

எங்க மேல வெயில் அடிக்குது, அப்ப வெள்ளம் வராதுல்ல?

வரும். 1997 ஆகஸ்ட் 12ல பேஜ் ஊருக்கு பக்கத்துல ஆன்டிலோப் பள்ளத்தாக்குல 11 பேர் இறந்தாங்க, மழை பெய்ஞ்சது பல மைல் தள்ளி. 2017 ஜூலை 15ல பேசன் பக்கம் எலிசன் ஓடைல குளிச்சிட்டிருந்த ஒரே குடும்பத்துல 10 பேரை காட்டாறு அடிச்சுட்டு போயிடுச்சு, மேல ஏற்கெனவே காட்டுத்தீ எரிஞ்ச மலைல மழை விழுந்திருந்தது. எரிஞ்ச மண்ணு தண்ணியைக் குடிக்காது, சாம்பலும் கட்டையுமா அப்படியே இறக்கிவிடும். அதனால கணிக்கிறவங்க மழையளவை மட்டும் பாக்குறதில்ல, அந்த வருஷம் எந்தெந்த மலை எரிஞ்சதுன்னு வரைபடத்தையும் பக்கத்துலயே வச்சிருப்பாங்க.

ஓடைக்கு, குறுகின பள்ளத்தாக்குக்கு போறீங்கன்னா உங்க தலைக்கு மேல இருக்கிற வானத்தை விட்டுட்டு அந்தத் தண்ணி எந்த மலைல இருந்து வருதோ அந்த மலையோட வானத்தைப் பாருங்க. காலைலயே போயிட்டு மதியத்துக்குள்ள வெளிய வந்துடுங்க. வண்டில போறப்ப தடுப்பு வச்சிருந்தா தாண்டாதீங்க, 1995ல இருந்தே இங்க சட்டம் இருக்கு, தடுப்பைத் தாண்டி வெள்ளத்துல மாட்டினா மீட்புச் செலவை உங்ககிட்டயே வசூலிக்கலாம்.

டூசான்ல மட்டும் ஏன் இவ்வளவு மழை?

மெக்சிகோவுக்கு பக்கம், உயரமும் ஃபீனிக்ஸை விட அதிகம், சுத்தி மலை. சீசனுக்கு டூசான் சராசரி 5.69 அங்குலம், ஃபீனிக்ஸ் 2.43.

இந்த வருஷம் மான்சூன் எப்படி இருக்கும்னு மே மாசமே சொல்ல முடியுமா?

ரொம்ப பலவீனமாத்தான் சொல்ல முடியும். எல் நினோ, லா நினா குளிர்கால மழைக்கு உதவுற அளவுக்கு கோடைக்கு உதவுறதில்ல. 2020ல ஃபீனிக்ஸுக்கு சீசன் முழுக்க 1 அங்குலம், அடுத்த வருஷமே 4.20. அதே 2021ல டூசான்ல 12.79, ஜூலை ஒரே மாசத்துல 8.06. 2023ல ஃபீனிக்ஸுக்கு கிடைச்சது வெறும் 0.15, பதிவான வரலாற்றுலயே குறைவு. மே மாசத்துல "சராசரிக்கு மேல வர 40 சதவீதம்"னு ஒரு வரைபடம் வந்தா பாத்துட்டு வச்சுடுங்க, அதை நம்பி எதுவும் திட்டம் போடாதீங்க.

செப்டம்பர்ல வேற மாதிரி இருக்குமா?

ஆமா, ஆட்டமே மாறும். மேற்கு காத்து திரும்ப எட்டிப் பாக்கும், பசிபிக்ல புயல்கள் பாஹா பக்கம் ஏறி வரும், அந்த ரெண்டும் சந்திச்சா மலை, மூடி எதையும் கேக்காம விடியக்காலைலயே கொட்டும். 2014 செப்டம்பர் 8ல நார்பர்ட் புயலோட மிச்ச ஈரம் ஃபீனிக்ஸ்ல ஒரே நாள்ல 3.30 அங்குலம் இறக்கிச்சு, நெடுஞ்சாலைல கார் மிதந்தது. அதனால செப்டம்பர்ல நான் பாக்குற முதல் படம் மாறிடும், மொகயோன் ரிம்மை விட்டுட்டு பாஹாவுக்கு தெற்க கடல்ல என்ன சுத்திட்டு இருக்குன்னு பாப்பேன். அப்புறம் ஒரு நாள் காலைல ட்யூ பாயிண்ட் 30க்கு இறங்கியிருக்கும், ஜன்னலைத் திறந்தா காத்து லேசா, காய்ஞ்சு இருக்கும், க்ரியோசோட் செடியோட மழை வாசம் மட்டும் ஒரு ரெண்டு நாள் மண்ணுல மிச்சம் இருக்கும்.